கிளினிக் டாக்டர் ஒரு புதுக் கருவியை எப்போது வாங்குவார்?

கேள்வி இது: "நாங்கள் நாலு பேர் சேர்ந்து கிளினிக்குகளுக்காக ஒரு கருவி செய்திருக்கிறோம். பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்தாயிற்று, முடிவுகள் நன்றாக இருக்கின்றன, விலையும் ஒரு நல்ல போன் விலைதான். ஆனாலும் குடும்ப டாக்டர்கள் 'அப்புறம் பார்க்கலாம்' என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். எதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்? புதுசு என்றாலே பயமா?"

பயமெல்லாம் இல்லை. நான் ஒரு சின்ன ஊரில் காலை மாலை இரண்டு வேளையும் கிளினிக் நடத்தும் பொது மருத்துவன். என்னைப் போன்றவர்கள் புதுசை மறுக்கும் கூட்டம் என்றால் 2020ல் விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் எங்கள் மேஜைக்கு வந்த வேகத்தை எப்படி விளக்குவது? 1970களின் தொடக்கத்தில் ஜப்பானில் தக்குவோ அவோயாகி கண்டுபிடித்த தத்துவம் அது. ஆபரேஷன் தியேட்டரிலும் ஐசியூவிலும் பல வருஷங்கள் இருந்தது. கொரோனா வந்ததும் சில வாரங்களில் கிளினிக், மருந்துக்கடை, வீடு என்று எங்கும் பரவிவிட்டது. யாரும் வகுப்பு எடுக்கவில்லை, யாரும் வற்புறுத்தவும் இல்லை. அதனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொள்ளலாம்: சில கருவிகள் மட்டும் ஏன் உடனே உள்ளே வந்துவிடுகின்றன, மற்றவை ஏன் வாசலிலேயே நிற்கின்றன?

என் பதில் ஒரே வரிதான். கருவி நல்லதா என்று நாங்கள் முதலில் பார்ப்பதில்லை, அது காட்டும் எண்ணைப் பார்த்த பிறகு என் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு நான் செய்யப்போவது மாறுமா என்றுதான் பார்க்கிறோம். மாறாது என்றால் அந்தக் கருவி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் எனக்கு வேலையில்லாதது. ஆக்சிமீட்டர் அந்த இடத்தில் தேறிவிட்டது. 94க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பு, மேலே இருந்தால் வீட்டில் வைத்துக் கண்காணி. ஒரு எண், ஒரு எல்லைக்கோடு, ஒரு முடிவு. அதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிஷத்துக்கும் குறைவு, நர்ஸே மாட்டிவிடலாம். (அதற்கும் குறை உண்டு. நகப்பூச்சைத் துடைக்க வேண்டும், ஜில்லிட்ட கையைத் தேய்த்துச் சூடாக்க வேண்டும். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, கருவி 92 முதல் 96 வரை காட்டியும் ரத்தத்தில் உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்தவர்கள் கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம், வெள்ளையர்களில் 3.6 சதவீதம் என்று காட்டியது. நம் ஊரில் தோல் கறுத்த நோயாளிக்கு 95 என்று காட்டினாலும் மூச்சு வாங்குவதைக் கண்ணால் பார்த்தால் எண்ணை நம்பாதே என்பதை அதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.)

இதற்கு இன்னொரு நல்ல உதாரணம் ஈசிஜி. ராத்திரி ஒன்பது மணிக்கு, கடையை மூடிவிட்டு வருகிற ஐம்பது வயசுக்காரர், "டாக்டர், வாயுத் தொல்லை, நெஞ்சு கரிக்குது, ஒரு ஊசி போட்டு விட்டுடுங்க" என்று வந்து உட்காருவார். சட்டை முதுகில் ஒட்டியிருக்கும், கூட வந்த மகன் போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். இப்படி வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு வாயுத் தொல்லையேதான். ஆனால் யாருக்கு இல்லை என்பதை முகத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. ஈசிஜி மிஷின் இருந்தால் ஐந்து நிமிஷத்தில் தாள் கையில் வந்துவிடும். சந்தேகமாக இருந்தால் அதைப் படம் பிடித்து ஜில்லா தலைநகரில் இருக்கும் இதய டாக்டருக்கு வாட்ஸாப்பில் போடுவேன், அவர் "எஸ்.டி. ஏறியிருக்கு, உடனே அனுப்புங்க" (மாரடைப்பு என்று அர்த்தம்) என்று பதில் போடுவதற்குள் முதல் டோஸாக ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் அடோர்வாஸ்டாடினும் நோயாளி வாய்க்குள் போயிருக்கும், 108க்கும் சொல்லியாகியிருக்கும். மிஷின் இல்லாவிட்டால் அதே மனிதர் அமில மாத்திரையோடு வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பார்.

கவனியுங்கள், இங்கே மிஷின் மட்டும் வேலை செய்யவில்லை. அந்தப் பக்கம் தாளைப் படிக்க ஒருவர் இருக்கிறார், வண்டி இருக்கிறது, நோயாளி போய்ச் சேர்கிற இடத்தில் அடைப்பை நீக்க வசதி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை நான்கு பெரிய ஆஸ்பத்திரிகளைச் சுற்றிச் சிறிய ஆஸ்பத்திரிகளை இணைத்து, மாரடைப்பு நோயாளியின் ஈசிஜியை அங்கிருந்தே அனுப்பும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தார்கள். கோயம்புத்தூர் டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னை டாக்டர் அஜித் முல்லசாரி போன்றவர்கள் முன்னின்று செய்த வேலை. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள் என்று 2017ல் வெளியான அவர்களுடைய கட்டுரை சொன்னது. 2023ல் அரசு 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் இதே முதல் டோஸ் மாத்திரைகளை வைத்தது. இப்படிப் பின்னால் ஒரு வழி திறந்த பிறகுதான் கிளினிக்கில் ஈசிஜி மிஷினுக்கு அர்த்தம் கூடியது. வழியே இல்லாத ஊரில் அதே மிஷின் பயத்தை மட்டும்தான் கூட்டும். உங்கள் கருவி எந்த வழியைத் திறக்கிறது என்று முதலில் யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது, "ஆஸ்பத்திரியில் சோதித்தாயிற்று" என்று சொன்னீர்களே, அங்கேதான் நான் நின்றுவிடுவேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற கூட்டமும் என் கிளினிக்குக்கு வருகிற கூட்டமும் ஒன்றில்லை. கணக்குப் போட்டே காட்டுகிறேன். உங்கள் கருவி நோய் இருப்பவர்களில் 90 சதவீதத்தைப் பிடிக்கிறது, நோய் இல்லாதவர்களில் 90 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சந்தேகப்பட்டு அனுப்பப்பட்ட 1000 பேரில் 300 பேருக்கு உண்மையிலேயே அந்த நோய் இருக்கும். கருவி 270 பேரைப் பிடிக்கும், நோயில்லாத 700 பேரில் 70 பேரைத் தவறாகப் பிடிக்கும். மொத்தம் 340 பேரில் 270 பேர் சரி, அதாவது ஐந்தில் நாலு. இப்போது அதே கருவியை என் மேஜையில் வையுங்கள். சளி, உடம்புவலி, களைப்பு என்று வருகிற 1000 பேரில் 10 பேருக்குத்தான் அந்த நோய். கருவி 9 பேரைப் பிடிக்கும், நோயில்லாத 990 பேரில் 99 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். 108 பேருக்கு "உங்களுக்கு இருக்கலாம்" என்று சொல்லி, ஸ்கேனுக்கும் ஸ்பெஷலிஸ்டுக்கும் அனுப்பி, அவர்கள் ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்து, கடைசியில் 9 பேருக்குத்தான் உண்மை. பன்னிரண்டில் ஒன்று. கருவியில் ஒரு திருகாணிகூட மாறவில்லை, ஆட்கள் மாறினார்கள், அவ்வளவுதான்.

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற புள்ளிவிவரத்தைப் பார்த்து அனுபவமுள்ள குடும்ப டாக்டர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுச் சும்மா இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். எல்லாரும் இப்படிக் கணக்காகச் சொல்லமாட்டார்கள், "நம்ம பேஷண்டுக்கு ஒத்து வராதுப்பா" என்று சொல்வார்கள். ஆனால் பல வருஷம் ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்கு இந்த விகிதம் மனசுக்குள் ஊறியிருக்கும்.

கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச் இதற்கு நல்ல சோதனை. ஆப்பிள் வாட்சை வைத்து அமெரிக்காவில் 4,19,297 பேரிடம் செய்த ஆய்வு 2019ல் வந்தது. ஒழுங்கற்ற துடிப்பு என்று எச்சரிக்கை வந்தவர்கள் 0.52 சதவீதம் மட்டுமே. அவர்களில் துடிப்பைப் பதிவு செய்ய நெஞ்சில் ஒட்டும் கருவியை மாட்டிக்கொண்டு திருப்பி அனுப்பியவர்களில் 34 சதவீதம் பேருக்கு ஏட்ரியல் பிப்ரிலேஷன் (பக்கவாதத்தை வரவைக்கக்கூடிய துடிப்புக் கோளாறு) உறுதியானது. 65 வயசுக்கு மேற்பட்டவர்களில் எச்சரிக்கை 3.1 சதவீதம், 40க்குக் கீழே 0.16 சதவீதம். ஆக, எழுபது வயசுப் பெரியவர் "வாட்ச் ஏதோ சொல்லுது தம்பி" என்று வந்தால் நான் அன்றைக்கே ஈசிஜி எடுப்பேன், ஏனென்றால் அவருக்குப் பக்கவாதத்தைத் தடுக்கும் மாத்திரை கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவு அதில் தொங்குகிறது. இருபத்தைந்து வயசுப் பையன் அதே வாட்சோடு வந்தால் தூக்கம், காபி, பயம் பற்றித்தான் முதலில் பேசுவேன்.

சரி, நேரத்துக்கு வருவோம். 67 நாடுகளின் தகவலைத் திரட்டிய ஓர் ஆய்வு 2017ல் வந்தது. ஒரு நோயாளியுடன் டாக்டர் செலவிடும் நேரம் வங்கதேசத்தில் 48 விநாடி, ஸ்வீடனில் 22.5 நிமிஷம். உலக மக்கள்தொகையில் ஏறக்குறையப் பாதிப் பேர் வாழும் 18 நாடுகளில் ஐந்து நிமிஷமோ அதற்குக் கீழேயோதான், இந்தியாவும் அதில் சேர்த்தி. கருவி செய்பவர்கள் பெரும்பாலும் ஸ்வீடன் டாக்டரை மனசில் வைத்துச் செய்கிறார்கள். "மூன்று நிமிஷத்தில் ரிசல்ட்" என்று பெட்டியில் பெருமையாகப் போட்டிருக்கும். வெளியே டோக்கன் நாற்பது ஓடிக்கொண்டிருக்கும்போது மூன்று நிமிஷம் என்பது இன்னொரு நோயாளி. அந்த மூன்று நிமிஷத்தை நான் பார்க்காமல், வெளியே நர்ஸ் அம்மா எடை பார்க்கும்போதே செய்துவிட முடியுமா? முடியும் என்றால் பேசலாம். செல்லை மாற்றுவது, சார்ஜ் போடுவது, ஆப் அப்டேட் கேட்டு நடுவில் நிற்பது, புளூடூத் பிடிக்காமல் இரண்டு தடவை அணைத்துப் போடுவது, இதையெல்லாம் ஆய்வுக் கட்டுரையில் யாரும் எழுதுவதில்லை. கிளினிக்கில் ஒரு கருவி அலமாரிக்குப் போய்ச் சேருவது பெரும்பாலும் இவற்றால்தான்.

பணம். உங்கள் கருவி ஒரு போன் விலை என்றீர்கள், அது என் கவலையே இல்லை. நான் பார்ப்பது ஒரு தடவை பயன்படுத்த எவ்வளவு ஆகும், அதை யார் கொடுப்பார்கள் என்பதை. கிளினிக்குக்கு வந்து போகிற செலவுக்கு நம் ஊரில் பெரும்பாலான இன்சூரன்ஸ் கிடையாது, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்க்கிற சிகிச்சைக்குத்தான். எல்லாம் நோயாளி மடியிலிருந்து வருகிற காசு. குளுக்கோமீட்டரைப் பாருங்கள். மிஷினைச் சும்மாகூடக் கொடுப்பார்கள், ஸ்ட்ரிப்பில்தான் எடுப்பார்கள். டப்பாவைத் திறந்த பிறகு குறிப்பிட்ட மாதத்துக்குள் தீர்க்க வேண்டும், மூடியைச் சரியாக மூடாவிட்டால் நம் ஊர் ஈரக்காற்றில் கெட்டுப்போகும். ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேச அமைப்பின் 2013 தரத்தின்படியே 100க்கு மேலான சர்க்கரையில் 15 சதவீதம் வரை கூடக் குறையக் காட்டலாம், அதாவது 200 என்பது 170 ஆகவும் இருக்கலாம், 230 ஆகவும் இருக்கலாம். ரத்தசோகை இருந்தால் பல மிஷின்கள் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். இரும்புச்சத்துக் குறைவில் மூன்று மாதச் சராசரி சொல்லும் எச்.பி.ஏ.1.சி.யும் ஏறித் தெரியும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயசுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. அப்படியென்றால் விரல் நுனியில் 6.6 என்று சர்க்கரை நோய் எல்லையைத் தாண்டிக் காட்டும் புது எச்.பி.ஏ.1.சி. மிஷினை வாங்குவதற்கு முன், வெளிறிப் போன அம்மாவுக்கு அந்த எண்ணை வைத்து வாழ்நாள் மாத்திரை ஆரம்பிக்கலாமா என்ற கேள்விக்கு எனக்குப் பதில் வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்டால் கம்பெனி ஆள் முழிப்பார், முழித்தால் நான் வாங்கமாட்டேன்.

இனி யார் பேச்சைக் கேட்கிறோம் என்பது. ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, எடைபோட்டு, முடிவெடுக்கிறோம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் நடப்பது வேறு. இங்கிலாந்தில் ஜான் காபேயும் ஆன்ட்ரே லெ மேயும் இரண்டு குடும்ப மருத்துவ நிலையங்களில் கூடவே இருந்து கவனித்து 2004ல் எழுதினார்கள்: டாக்டர்கள் வழிகாட்டி நூல்களை நேரடியாகப் புரட்டுவது அபூர்வம், சக டாக்டர்களோடு பேசியும், தாங்கள் நம்பும் ஸ்பெஷலிஸ்ட் சொல்வதைக் கேட்டும், தங்கள் நோயாளிகளிடம் பார்த்ததை வைத்தும் மனசுக்குள் ஒரு வழிகாட்டியை உருவாக்கி, அதைக் கூடிப் பேசிப் பேசியே திருத்திக்கொள்கிறார்கள். நல்ல வசதி, நல்ல நூலகம் உள்ள இடத்திலேயே அப்படி. இங்கே ஐ.எம்.ஏ. என்ற டாக்டர்கள் சங்கத்தின் கிளைக் கூட்டம் முடிந்து சாப்பாட்டு மேஜையில் "நீங்க அந்த மிஷின் வாங்கினீங்களே, எப்படி இருக்கு?" என்று ஒருவர் கேட்பதும், "ஸ்ட்ரிப் கிடைக்க மாட்டேங்குது சார்" என்று மற்றவர் சொல்வதும்தான் தீர்ப்பு. மேடையில் ஸ்லைடு போட்டுக் காட்டியதைவிட அந்த ஒரு வரி எடை கூடியது. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர் நோயாளிகளும் என் நோயாளிகளும் ஒரே சந்தைக்கு வருகிறவர்கள், அவர் அனுபவம் எனக்குப் பொருந்தும்.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. 1950களில் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்து நாலு ஊர்களில் டெட்ராசைக்ளின் என்ற அன்றைய புது மருந்து டாக்டர்களிடம் எப்படிப் பரவியது என்று ஆய்வாளர்கள் மருந்துக்கடைச் சீட்டுகளையே எடுத்துப் பார்த்தார்கள். மற்ற டாக்டர்களோடு அதிகம் பழகுகிறவர்கள் சீக்கிரம் எழுத ஆரம்பித்தார்கள், ஒருவரைப் பார்த்து ஒருவர் என்று பரவியது என்பது அவர்கள் கண்டது, பல பத்தாண்டுகள் பாடமாகவே சொல்லப்பட்டது. 2001ல் வான் டென் புல்ட், லிலியன் என்ற இருவர் அதே தகவலோடு மருந்துக் கம்பெனிகளின் விளம்பர அளவையும் சேர்த்து மறுபடி கணக்குப் போட்டார்கள். பார்த்துப் பரவியது என்று நினைத்தது கரைந்துவிட்டது, கம்பெனியின் விளம்பரத் தள்ளுதல்தான் மிஞ்சியது. நண்பர் சொன்னார் என்று நாம் நம்புவது பல நேரம் இருவருக்கும் ஒரே மருந்துக் கம்பெனி ரெப் சொன்னதுதான்.

நம் நாட்டில் இதன் மோசமான முகத்தைக் காசநோய் ரத்தப் பரிசோதனையில் பார்த்தோம். சளியைச் சோதிக்க வேண்டாம், ஒரு துளி ரத்தத்தில் ஆன்டிபாடி பார்த்து டி.பி. சொல்லிவிடலாம் என்று கிட்டுகள் வந்தன. கிளினிக்குக்குப் பொருத்தமான எல்லாமே அதில் இருந்தது: சுலபம், வேகம், நோயாளிக்கும் ரத்தம் கொடுப்பதுதான் "நல்ல டெஸ்ட்" என்ற எண்ணம், லேப்பிலிருந்து டாக்டருக்குக் கமிஷனும். இல்லாதது ஒன்றே ஒன்று, அது நோயைச் சரியாகச் சொல்லவில்லை. டி.பி. இல்லாதவர் ஆறு மாதம் மாத்திரை விழுங்கினார், இருந்தவர் இல்லை என்ற தாளோடு வீட்டில் குழந்தைகளுக்கு நடுவில் இருமிக்கொண்டிருந்தார். உலக சுகாதார நிறுவனம் 2011 ஜூலையில் இவற்றைப் பயன்படுத்தவே கூடாது என்று வெளிப்படையாகச் சொன்னது. டி.பி. பரிசோதனை ஒன்றுக்கு எதிராக அது அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. 2012 ஜூனில் இந்திய அரசு இறக்குமதி, தயாரிப்பு, விற்பனை எல்லாவற்றையும் தடை செய்தது. இந்தக் கிட்டுகளில் சில ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் தயாரானவை, எந்த அங்கீகரிக்கப்பட்ட அமைப்பும் ஒப்புதல் தராதவை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. பரிந்துரைக்குக் கமிஷன் வாங்கக்கூடாது என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறை தெளிவாகவே எழுதியிருந்தது, எழுதியிருந்தும் நடந்தது.

அதே காலத்தில் உண்மையிலேயே வேலை செய்கிற ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனை வந்திருந்தது. 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட அது இரண்டு மணி நேரத்துக்குள் டி.பி. கிருமியையும் ரிபாம்பிசின் மருந்துக்கு அது அடங்குமா என்பதையும் சொல்லிவிடும். ஆனால் தனியார் லேப்பில் விலை எட்டாத உயரம். 2013ல் பல தனியார் லேப்கள் கூட்டாகச் சேர்ந்து குறைத்து நிர்ணயித்த ஒரு விலைக்கு மேல் வாங்குவதில்லை என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் என்னைப் போன்றவர்கள் சீட்டில் அதை எழுதக் கை வந்தது. மிஷின் மாறவில்லை, எங்கள் அறிவும் ஒரே ராத்திரியில் கூடிவிடவில்லை, நோயாளி முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய தொகையாக அது இறங்கியது.

சட்டம் பற்றி ஒன்று மட்டும். வெளிநாட்டில் குடும்ப டாக்டர்கள் பாக்கெட்டில் அடங்கும் ஸ்கேன் கருவியை இப்போது நிறைய வாங்குகிறார்கள், நம் ஊரில் ஏன் இல்லை என்று கேட்பவர்கள் உண்டு. 1994ஆம் ஆண்டின் கருவின் பாலினம் கண்டறிதல் தடைச் சட்டப்படி ஸ்கேன் மிஷினைப் பதிவு பெற்ற இடத்துக்குத்தான் விற்கவே முடியும், யார் இயக்கலாம், அதற்கு என்ன பயிற்சி, எந்தப் படிவம் என்று எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. 2012ல் கையடக்க மிஷின்களைப் பதிவு செய்த இடத்தை விட்டு எடுத்துப் போவதற்கும் கட்டுப்பாடு வந்தது. நெஞ்சில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்க எனக்கு அந்தக் கருவி உண்மையில் உதவும். ஆனாலும் 1992ல் பெண் சிசுக்கொலையைத் தடுக்கச் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டிய நிலையில் இருந்த மாநிலம் இது, அந்தச் சட்டம் ஏன் அவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. இப்படிப்பட்ட இடத்தில் டாக்டர் வாங்காததற்குக் கருவியோடு சம்பந்தமே இல்லை.

கம்ப்யூட்டர் பதிவேடு இன்னொரு கதை. அமெரிக்காவில் 2009ல் சட்டம் போட்டு, மின்பதிவுக்கு மாறும் டாக்டருக்கு மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு வழியாக ஐந்து வருஷத்தில் 44,000 டாலர் வரை கொடுத்தார்கள். மாறினார்கள். 2016ல் வந்த ஒரு கவனிப்பு ஆய்வு, நோயாளியோடு இருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கம்ப்யூட்டரிலும் காகிதத்திலும் போகிறது என்று சொன்னது. காசு கொடுத்தால் டாக்டர் வாங்குவார், அதனால் அவருக்கு வேலை சுலபமாகிவிடும் என்று அர்த்தமில்லை. இங்கே 2021 செப்டம்பரில் நாடு முழுக்கத் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் 14 இலக்கச் சுகாதார எண்ணைப் பலர் வாங்கிவிட்டார்கள், ஆனால் கிளினிக்கில் அந்த எண்ணைத் தட்டினால் எனக்கு உதவுகிற ஒன்று வந்து நிற்க வேண்டுமே. மதுரையில் போன மாதம் எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டு என் திரையில் தெரிந்தால் அன்றைக்கே நான் மாறிவிடுவேன். நான் மட்டும் தட்டிக்கொண்டே இருந்து, எதுவும் திரும்பி வரவில்லை என்றால், நோட்டுப் புத்தகமே போதும். மாறாக 2020 மார்ச் 25ல் தொலைமருத்துவ வழிகாட்டி வந்ததும் போனில் பார்ப்பது உடனே பழக்கமானது, ஏனென்றால் அதை நாங்கள் முன்பே சட்டத்துக்குப் பயந்து பயந்து செய்துகொண்டிருந்தோம். எந்த மருந்தை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று பட்டியல் போட்டுக் கொடுத்ததும் அந்தப் பயம் போயிற்று.

வாங்குவதற்கு மட்டுமில்லை, பழசை விடுவதற்கும் இதே பார்வைதான். பாதரச பிரஷர் மிஷினை 2020க்குப் பிறகு தயாரிக்கவோ ஏற்றுமதி இறக்குமதி செய்யவோ கூடாது என்று 2013 மினமாட்டா உடன்படிக்கை சொல்கிறது. ஆனாலும் பல மேஜைகளில் அது இருக்கும். டிஜிட்டலை நம்பாமல் இல்லை. கடையில் கிடைக்கும் டிஜிட்டல் மிஷின்களில் முறையாகச் சரிபார்க்கப்பட்டது எது, வெறும் அட்டைப்பெட்டி எது என்று தெரியாததால்தான். நான் செய்தது, சர்வதேசச் சரிபார்ப்புப் பட்டியலில் பெயர் இருக்கிற மாடலாகப் பார்த்து வாங்கி, பெரிய கையளவுக்குத் தனிப் பட்டையும் வாங்கி, கொஞ்ச நாள் பாதரச மிஷினையும் பக்கத்தில் வைத்து ஒரே நோயாளிக்கு இரண்டிலும் பார்த்தேன். தடித்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் பிரஷர் ஏறிக் காட்டும் என்பது கண்ணெதிரே தெரிந்தது. துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு மட்டும் இன்றைக்கும் காதில் ஸ்டெத் வைத்துக் கேட்டு ஒரு தடவை பார்க்கிறேன். 2021ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்த பிறகு வீட்டிலேயே பிரஷர் பார்த்து அட்டையோடு வருகிறவர்கள் நிறைய, அவர்கள் எண்ணும் என் எண்ணும் ஒத்துப்போவது எனக்குத் தேவைப்பட்டது, அதுவும் ஒரு காரணம்.

ஆகவே நீங்கள் அடுத்த தடவை ஒரு டாக்டரைப் பார்க்கப் போகும்போது ஸ்லைடு வேண்டாம். காலை ஓ.பி. நேரத்தில் போகாதீர்கள், மதியம் கடைசி டோக்கன் முடிந்த பிறகு போங்கள். ஆஸ்பத்திரி முடிவுகளோடு, கிளினிக் கூட்டத்தில் சோதித்தால் தப்பு எச்சரிக்கை எத்தனை வரும் என்ற எண்ணையும் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள், குறையாக இருந்தாலும் சொல்லுங்கள். கருவி மருத்துவக் கருவி விதிகள் 2017ன் கீழ் ஏ, பி, சி, டி என்று எந்த வகுப்பு, லைசென்ஸ் இருக்கிறதா என்று அவர் கேட்பதற்கு முன்பே காகிதத்தை வையுங்கள். யாருக்கு இதைப் பயன்படுத்தக்கூடாது என்று ஒரு வரி இருக்கட்டும். ரிப்பேர் ஆனால் யார் வருவார், எத்தனை நாளில், அதுவரை மாற்று மிஷின் உண்டா என்பதும். அப்புறம் அந்த நர்ஸ் அம்மாவிடம் கொடுத்து நாலு நோயாளிக்குச் செய்து பார்க்கச் சொல்லுங்கள், அவர் முகத்தைப் பாருங்கள். கமிஷன் பேச்சை எடுக்கவே எடுக்காதீர்கள், எடுத்தால் நல்ல டாக்டர் உங்களை அத்தோடு விட்டுவிடுவார். ஒரு மாதம் கருவியை விட்டுவிட்டு வாருங்கள். திரும்பிப் போகும்போது அது மேஜையின் எந்தப் பக்கம் இருக்கிறது, பெட்டிக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதைப் பார்த்தாலே விலை பேசலாமா வேண்டாமா என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.